சில்வர் பீச் மணலில் ஒரு செல்லுலார் அறை

அந்தமானின் செல்லுலார் சிறையைப் பற்றிக் கடலூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போனால் முதல் கேள்வி "அங்கே பேய் இருக்கா?" என்பதுதான். பதில் சொல்லாதீர்கள். கைதியின் அறையை மணலில் வரைந்து காட்டுங்கள்.

தேவை: 10 மீட்டர் கயிறு, அளவு நாடா, நான்கு முளைக்குச்சி, ஒரு மூங்கில். காய்ந்த மணலில் கோடு காற்றில் அழிந்துவிடும். அலை எட்டாத ஈர மணலில் குச்சியால் கீறுங்கள். நீளம் சுமார் 4.5 மீட்டர், அகலம் 2.7. மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டும் 5.25 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் கட்டம் கோணிவிட்டது, முளையை நகர்த்துங்கள். மூங்கிலில் 3 மீட்டர் உயரத்தில் துணி கட்டுங்கள், அங்கேதான் காற்றுத் துவாரம். இரண்டடியாவது புதைக்காவிட்டால் கடற்காற்று சாய்த்துவிடும்.

ஒரு பிள்ளையை உள்ளே தனியாகப் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். யாரும் பேசக் கூடாது.

பிறகு சொல்லுங்கள்: 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த கட்டடம். நடுக்கோபுரத்திலிருந்து சிறகுபோல் விரிந்த ஏழு நீளக் கட்டடங்கள் அப்போது இருந்தன. ஒன்றின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்த்திருக்கும். அறைக்குள்ளிருந்து கைதி கைதியைப் பார்க்கவே முடியாது. செக்கில் மாடுபோல் சுற்றி எண்ணெய் ஆட்ட வேண்டியிருந்தது. விடுதலைப் போராட்டக் கைதிகளின் 1933 உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் இறந்தார்கள். இந்தப் பெயர்களை நிதானமாக, இரண்டு முறை சொல்லுங்கள்.

அழுகுரல் கேட்கும் என்ற கதையை யாராவது எடுத்தால் மறுக்க வேண்டாம். அழுதது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.