நம்ம பிளாக்ல வயசானவங்களையும் மாற்றுத்திறனாளிகளையும் எல்லாரும் சேர்ந்து பாத்துக்குறது எப்படி

மொதல்ல ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக்கோங்க. வாட்ஸப் குரூப்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எதுக்குச் சொல்றேன்னா, நாங்க இருக்குறது சென்னையில ஒரு வாரியக் குடியிருப்பு (அரசு வீட்டு வாரியம் கட்டி ஒதுக்கிக் குடுத்த அடுக்கு வீடு), எங்க பிளாக் மூணாவது மாடில ஒரு பாட்டி இருக்காங்க, ஸ்ட்ரோக் வந்து இடது கை காலு விழுந்துடுச்சு, பொண்ணு காலைல வேலைக்குக் கிளம்பினா நாலு மணிக்குத்தான் வரும். மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாத்திரை எடுத்துட்டு வந்தாங்க, கதவு பூட்டியிருக்குன்னு போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு பிசியோ தம்பி வந்தாரு, அப்பவும் பூட்டு. சாவி எதிர் வீட்டுலயே இருந்துச்சு, அந்த வீட்டுக்காரங்களும் உள்ளதான் இருந்தாங்க, ஆனா அவங்க கதவத் தட்டணும்னு இவருக்குத் தெரியாது, இவரு வர்றாருன்னு அவங்களுக்குத் தெரியாது. பாட்டி உள்ள படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, கூப்புட குரல் வரல.

அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. வர்றவங்க வந்துட்டுதான் இருக்காங்க, ஒருத்தர் வர்றது இன்னொருத்தருக்குத் தெரியல, அவ்ளோதான். அந்த இடைவெளிய பிளாக்ல இருக்குற நாமதான் அடைக்க முடியும், வெளியிலேர்ந்து யாரும் வந்து அடைக்க மாட்டாங்க.

நோட்டுல ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். கதவு நம்பர், பேரு, வயசு, என்ன உடம்புக்கு, என்ன மாத்திரை, எந்த ஆஸ்பத்திரில சீட்டு இருக்கு, ஸ்பேர் சாவி யார்கிட்ட, பகல்ல வீட்டுல யாரு, அவசரம்னா யாருக்கு போன், எந்தக் கிழமை யார் வர்றாங்க. காது கேக்குமா, கண்ணு தெரியுமா, தானா எழுந்து பாத்ரூம் போவாங்களா, இதையும் எழுதுங்க, ராத்திரில ஏதாவதுன்னா ஓடுறவங்களுக்கு மொதல்ல தேவைப்படுறது இதுதான். ஆனா எழுதுறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயே கேளுங்க. மகன்கிட்ட கேட்டு எழுதுறது, மருமக சொல்றத எழுதுறது வேணாம். படுத்த படுக்கையா இருந்தாலும், பேச்சு வராதவங்களா இருந்தாலும், உங்களப் பத்தி எழுதி வெச்சுக்கவா, சாவிய இன்னார்கிட்ட குடுக்கவான்னு கேட்டுட்டு, தலையாட்டினாத்தான் எழுதணும். அவங்க வீடு, அவங்க உடம்பு. வேணாம்னா விட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு திரும்பக் கேளுங்க. இந்த நோட்ட மீட்டர் பெட்டி பக்கத்துல தொங்க விடுறது, போட்டோ எடுத்து குரூப்ல போடுறதெல்லாம் கூடவே கூடாது.

அடுத்தது ஆளு. மாடிக்கு ஒருத்தர் போதும், அவங்க வேலை காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ கதவத் தட்டி "என்னம்மா சாப்டீங்களா"ன்னு கேக்குறதுதான். ஒரு விஷயம் சொல்றேன், எங்க பிளாக்குக்கு மொத்தமா போன் பேசுறவரு ஒரு அண்ணன், போலியோல ரெண்டு காலும் நடக்க முடியாது, வீட்டுலயே உக்காந்து மொபைல் சர்வீஸ் பண்றாரு. நாள் முழுக்க வீட்டுல இருக்காரு, போன் கையிலயே இருக்கு, நிதானமா பேசுவாரு, சுகாதார நிலைய நர்ஸ்லேர்ந்து வாரியத்து உதவிப் பொறியாளர் (ஏ.இ.) வரைக்கும் எல்லார் நம்பரும் அவர்கிட்டதான். மாற்றுத்திறனாளின்னா நாம பாத்துக்க வேண்டியவங்கன்னு மட்டும் நெனச்சிடாதீங்க, நோட்ட யார் வெச்சுக்குறதுன்னு யோசிக்கும்போது மொதல்ல அவங்கள கேளுங்க.

இப்ப மருத்துவம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபி, படுக்கையில இருக்குறவங்களுக்கு நர்ஸ் வந்து பாக்குறது எல்லாம் அதுல இருக்கு. உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி எங்க பிளாக்ல இத்தனை பேர் இருக்காங்க, இன்னின்ன கதவு நம்பர், பகல்ல சாவி இன்னார்கிட்டன்னு ஒரே பேப்பர்ல எழுதிக் குடுங்க. பத்து பேர் தனித்தனியா போயி கேக்குறதுக்கும் ஒரு பிளாக்கா லிஸ்ட் குடுக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு, வர்றவங்களுக்கும் ஒரே நடையில வேலை முடிஞ்சிடும்.

மாத்திரை விஷயத்துல கொஞ்சம் நின்னு பாருங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லா மாத்திரையையும் ஒரே மஞ்சப் பையில போட்டு வெச்சிருப்பாங்க, அட்டைய கத்தரிச்சு கத்தரிச்சு பேரும் தேதியும் போன துண்டுங்க, போன வருஷத்துது, அக்கம்பக்கத்துல குடுத்தது, எல்லாம் கலந்து கெடக்கும். ஒரு நாள் உக்காந்து பாயில கொட்டிப் பிரிங்க. பேரு தெரியாத துண்டு, தேதி முடிஞ்சது எல்லாத்தையும் தனியா எடுத்து நர்ஸ்கிட்ட காட்டிட்டுத் தூக்கிப் போடுங்க. மிச்சத்துக்கு ரெண்டு டப்பா, ஒண்ணு மேல சூரியன், இன்னொண்ணு மேல நிலா, ஸ்கெட்ச் பேனால பெருசா வரைஞ்சிடுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். அட்டைய கத்தரிக்கும்போது பேரும் தேதியும் இருக்குற பக்கத்த கடைசி வரைக்கும் விட்டு வைங்க. டோஸ கூட்டுறது கொறைக்கிறது மட்டும் நாம பண்ணவே கூடாது, அது டாக்டர் வேலை.

படுக்கையில இருக்குறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கணும். வீட்டுல ஒரே ஆள்னா இது முடியாத காரியம், அதனாலதான் மாடிக்காரங்க முறை போட்டுக்கணும்னு சொல்றேன். இடுப்புக்குக் கீழ வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு பக்கம், இந்த எடத்துலலாம் தோலு செவந்திருக்கான்னு தினம் குளிப்பாட்டும்போதோ தொடைக்கும்போதோ பாருங்க, விரல வெச்சு அழுத்தி எடுத்தா செவப்பு மறையலன்னா புண்ணு ஆரம்பிக்குதுன்னு அர்த்தம், அன்னைக்கே நர்ஸுக்கு போன் பண்ணிடணும். தோலு பிரிஞ்சு குழி விழுந்துட்டா ஆறுறதுக்கு மாசக் கணக்காகும்.

108 கூப்புடும்போது நடக்குற குழப்பத்துக்கு பாதிக் காரணம் பிளாக் நம்பர் இருட்டுல தெரியாததுதான். எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி, ஒரே பெயிண்ட், டிரைவர் என்ன பண்ணுவாரு. பிளாக் நம்பர ரோட்டப் பாத்த பக்கம் வெள்ளைல பெருசா எழுதுங்க, போன் பண்ணினதும் ஒரு பையன மெயின் ரோட்டுக்கு ஓட விடுங்க, இன்னொருத்தர் லிப்ட தரைத்தளத்துல புடிச்சு வைக்கட்டும். லிப்ட் ஓடலன்னா படிதான், அதுக்கும் முன்னாடியே ஒத்திகை பாத்துக்கணும். பிளாஸ்டிக் சேர் வேணாம், கால் மடங்கிடும், கை வெச்ச இரும்பு சேரு இல்ல மரச் சேரு, நோயாளிய ரெண்டு துண்டால இடுப்பையும் நெஞ்சையும் சேரோட கட்டி, முகம் படி எறங்குற பக்கம் பாத்த மாதிரி, பலமான ஆளு மேல சேர் முதுகப் புடிக்கணும், இன்னொருத்தர் கீழ முன்கால புடிக்கணும், மூணாவது ஆளு முன்னாடி நடந்து படிய எண்ணிக்கிட்டே வரணும். கையத் தொங்க விடாம மடியில கோத்து வெச்சுக்கச் சொல்லுங்க, பயத்துல கைப்பிடிக் கம்பியப் புடிச்சிட்டா எல்லாரும் விழுவோம். விழுந்து இடுப்பு, கழுத்துல அடிபட்டவங்கள மட்டும் இப்படித் தூக்காதீங்க, 108 ஆளுங்க வர்ற வரைக்கும் படுத்த எடத்துலயே விட்டுடுங்க.

தரைத்தளத்துக்கு மாத்திக் கேக்குறவங்க வாயால கேட்டுட்டு விட்டுடாதீங்க. மனு எழுதி, டாக்டர் சர்டிபிகேட், யூ.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) நகல், வீட்டு ஒதுக்கீட்டு ஆணை நகல் வெச்சு வாரிய ஆபீஸ்ல குடுத்து, இன்னொரு காப்பில சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கோங்க. பதில் வரலன்னா அந்தக் காப்பியோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போங்க, இல்ல முதல்வர் உதவி மையம் 1100க்கு போன் பண்ணிப் பதிவு பண்ணுங்க, பதிவு நம்பர நோட்டுல எழுதிடுங்க. சங்கம் பதிவு பண்ணியிருந்தீங்கன்னா சங்க லெட்டர்பேடுல ஒரு கடிதமும் சேத்து வைங்க.

யூ.டி.ஐ.டி. கார்டு இல்லாதவங்களுக்கு அதத்தான் மொதல்ல எடுக்கணும், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, நெறைய பேருக்கு தன்னோடது அதுல வரும்னே தெரியாது, பார்கின்சன், ரத்த அழிவுச் சோகை (தலசீமியா), மனநோய் எல்லாம் அதுல வருது. கார்டுல நாப்பது சதவீதத்துக்குக் கீழன்னா வெள்ளைக் கோடு, நாப்பதுலேர்ந்து எம்பதுக்குள்ளன்னா மஞ்சள், எம்பதும் அதுக்கு மேலயும்னா நீலம். பென்ஷன் மாதிரி உதவிங்களுக்கு நாப்பது தேவை. குறைபாட்ட பாத்து சதவீதம் போடுற மெடிக்கல் போர்டுக்குப் போற அன்னைக்கு நாலஞ்சு பேரச் சேத்து ஒரே வண்டியில கூட்டிட்டுப் போங்க, கூட ஒரு பொம்பளை, ஒரு ஆம்பளை, தண்ணி, பிஸ்கட், மாத்து லுங்கி, மாத்து நைட்டி. பாத்ரூமுக்கு பயந்து காலைலேர்ந்து தண்ணி குடிக்காம வர்றவங்கள நான் பாத்திருக்கேன், மனசு தாங்காது. சக்கர நாற்காலி, தண்ணி மெத்தை மாதிரி சாமானுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு போடணும்.

பென்ஷன் பணத்துல கவனமா இருங்க. முதியோர் உதவித்தொகை 2023ல 1000லேர்ந்து 1200 ஆச்சு, அந்தப் பணம்தான் பல பேருக்கு மாசத்துல சொந்தமா கையில வர்ற ஒரே காசு. ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக்க பிளாக்காரங்க யாரும் வாங்கி வெச்சுக்கக் கூடாது, நானும்தான். எடுத்துக் குடுக்கப் போனா இன்னொரு ஆளு கூடப் போகணும், எவ்ளோ எடுத்தோம்னு அவங்க முன்னாடியே எண்ணிக் குடுத்து நோட்டுல எழுதணும். ஒதுக்கீட்டு ஆணைய அடமானமா கேக்குறவங்ககிட்ட குடுக்க வேணாம்னு எல்லா வீட்டுலயும் சொல்லி வைங்க.

ரேஷனுக்கு, முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம்னு 2025 ஆகஸ்ட்ல வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குறத தொடங்கினாங்க, யார் யாரு பேரு அதுல இருக்குன்னு கடையிலயே கேட்டு எழுதிக்கோங்க. பேரு இல்லாதவங்களுக்கு, கடைக்கு வர முடியாதவங்க சார்பா வேற ஆளு வாங்குறதுக்கு ஒரு படிவம் இருக்கு, பூர்த்தி பண்ணிக் குடுங்க. கைரேக தேஞ்சு மெஷின்ல விழலன்னா திருப்பி அனுப்பிடக் கூடாது, கருவிழி மெஷின் இருந்தா அதுல எடுக்கச் சொல்லுங்க.

அடி, திட்டு, சோறு குடுக்காம விடுறது இதெல்லாம் நடக்குற வீடும் இருக்கும். எல்லார் முன்னாடியும் பஞ்சாயத்து வைக்காதீங்க, நாம போனதும் அந்தக் கோவம் பெரியவங்க மேலதான் திரும்பும். அவங்க தனியா இருக்குற நேரத்துல போயி உக்காந்து, என்ன பண்ணணும்னு நெனக்கிறீங்கன்னு கேளுங்க. 14567 முதியோர் உதவி எண், அதுல பேசலாம், பராமரிப்புத் தொகைக்கு 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கிட்ட மனுவும் போடலாம். ஆனா பல வீட்டுல மகளோ மருமகளோ தூக்கமே இல்லாம தனியா பாத்துப் பாத்து ஒடஞ்சு போயிருப்பாங்க. அவங்களுக்கு வாரத்துல ஒரு மத்தியானம் ரெண்டு மணி நேரம் நீங்க உக்காந்து பாத்துக்கிட்டு, போயி தூங்கிட்டு வாங்கம்மான்னு அனுப்புங்க. அந்தப் பாட்டியோட பொண்ணு அப்படி மொத தடவ போனப்ப கோயிலுக்கும் போகல, கடைக்கும் போகல, எங்க வீட்டுல வந்து பாய விரிச்சுப் படுத்து தூங்கிடுச்சு.

மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை நோட்டத் தூக்கிட்டு ஒரு சுத்து வாங்க. மாத்திரை மாறியிருக்கும், போன் நம்பர் மாறியிருக்கும், சாவி வெச்சிருந்தவங்க வீடு காலி பண்ணியிருப்பாங்க. வேற பிளாக்குக்குப் போறவங்க இருந்தா அவங்க பக்கத்தக் கிழிச்சு அவங்க கையிலயே குடுத்துடுங்க, அங்க யாராவது இந்த மாதிரி நோட்டு போட்டா அப்படியே ஒட்டிக்கலாம்.