சமணர் மலைச் சுனைக்குப் போவதென்றால்

காலை ஆறரைக்குள் மலையடியில் இருங்கள். பத்து மணியானால் பாறை தோசைக்கல்தான். மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து கீழக்குயில்குடிக்குத் திரும்ப வேண்டும். தாமரைக் குளத்தையும் ஆலமரங்களையும் தாண்டினால் அய்யனார் கோயில். அதன் அருகிலிருந்து பாறையில் வெட்டிய படிகள் ஏறுகின்றன.

பாதி ஏற்றத்தில் பேச்சிப்பள்ளம். பாறை மடிப்புக்குள் சின்னச் சுனை, அதன் மேலே வரிசையாகச் சமண சமயத்தின் தீர்த்தங்கரர்கள், சமணத் துறவி பாகுபலி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். சாய்ந்து விழும் காலை வெயிலில்தான் எழுத்தின் பள்ளம் நிழல்கட்டித் தெரியும். உச்சிவெயிலில் வெறும் பாறைதான் தெரியும்.

சுனையோரம் பச்சைப்பாசி படிந்திருக்கும். போன ஐப்பசியில் அதில் கால் வைத்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். அதிலிருந்து காய்ந்த பாறையில்தான் உட்காருகிறேன். தண்ணீரில் இறங்காதீர்கள், சோப்பு போடாதீர்கள். தட்டானும் தவளையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து வேண்டாம்.

மூச்சு இருந்தால் இன்னும் மேலே ஏறுங்கள். மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் அங்கே இருக்கிறது. மகாவீரர் சிற்பம் இருக்கும் செட்டிப்புடவு குகை, மலையின் மறுபக்கம். அங்கே மலையிலிருந்து கீழே இறங்கித்தான் போக வேண்டும். குடிநீர் கையோடு கொண்டுபோங்கள்.