நிலைகளைத் தரவுத்தளத்தில் சேமிப்பது எப்படி: வரிசை எண் வேண்டாம், நிலையான குறியீடு வேண்டும்

திருவொற்றியூரில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டுக்கு நாங்கள் எழுதித்தந்த மென்பொருளில், ஒரு கன்டெய்னர் ஐந்து நிலைகளில் ஏதேனும் ஒன்றில் இருக்கும்: வந்தது, இறக்கியது, கஸ்டம்ஸ் சோதனையில் உள்ளது, அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை வெளியே எடுக்கக் கஸ்டம்ஸ் தரும் அனுமதி) கிடைத்தது, கேட்டைத் தாண்டியது. ஜாவா நிரலில் இவை ஓர் எனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்); தரவுத்தளத்தில் 0 முதல் 4 வரையிலான எண்கள். பின்னர் ‘ஸ்கேனிங்’ என்ற நிலை தேவைப்பட்டபோது, படிப்பவருக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று, அதை இறக்கியதற்கும் சோதனைக்கும் நடுவில் ஒரே வரியாகச் சேர்த்தேன். மென்பொருள் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. அன்றிரவே புதிய பதிப்பு ஏறியது.

விடிந்ததும், அவுட் ஆஃப் சார்ஜ் கிடைத்திருந்த கன்டெய்னர்கள் எல்லாம் திரையில் ‘சோதனையில் உள்ளது’ என்று நின்றன. முந்தைய வாரமே வெளியேறியவை, வெளியேறத் தயாராக யார்டில் இருப்பதாகக் காட்டின. டிரெய்லர்கள் சாலை வரை வரிசை கட்டின. “சார், பேப்பர் கைல கீது, உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் இல்ல?” என்று ஓர் ஓட்டுநர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சேர்த்ததனால் வந்த தொல்லை இவ்வளவு. நடுவிலிருந்து ஒரு நிலையை நீக்கியிருந்தால் எண்கள் எதிர்த்திசையில் நகர்ந்து, சோதனை முடியாத சரக்கு ‘விடுவிக்கப்பட்டது’ என்று காட்டியிருக்கும்.

காரணம் எளியது. ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேபிஏ முறையில், எனம் வகைப் புலத்துக்கு நாம் ஒன்றும் குறிப்பிடாவிட்டால், அதன் மதிப்பு நிரலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அந்த எண்ணே சேமிக்கப்படும். ரூபி மொழியின் ரெயில்ஸிலும் நிலைகளைப் பட்டியலாக எழுதினால் இதே கதைதான். ஒவ்வொரு பெயருக்கும் எண்ணை எதிரே எழுதிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. ஒரு கோப்பில் வரி எங்கே இருக்கிறது என்பது, பல்லாயிரம் பதிவுகளின் பொருளைத் தீர்மானிக்கக் கூடாது.

அடுத்த வழி, மதிப்பின் பெயரையே எழுத்துகளாகச் சேமிப்பது. ஜேபிஏவில் ‘ஸ்ட்ரிங்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். வரிசை மாறினாலும் தரவு மாறாது. நள்ளிரவில் அட்டவணையைத் திறந்து பார்ப்பவருக்கும் பொருள் புரியும். ஆனால் நிரலில் யாராவது அந்தப் பெயரை அழகுபடுத்தி மாற்றினால், பழைய பதிவுகளைப் படிக்கும்போது நிரல் பிழையோடு நின்றுவிடும். அமைதியாகத் தவறான பொருள் சொல்வதைவிட நின்றுவிடுவது மேல் என்றாலும், அதையும் தவிர்க்கலாம்.

நான் இப்போது கடைப்பிடிப்பது மூன்றாவது வழி. ஒவ்வொரு நிலைக்கும் மூன்று அல்லது நான்கு எழுத்துக் குறியீடு ஒன்றை எனத்துக்குள்ளேயே எழுதி, அந்தக் குறியீட்டை மட்டும் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறேன். ஜேபிஏ 2.1 முதல் உள்ள ‘ஆட்ரிபியூட் கன்வெர்ட்டர்’ இதற்காகவே இருக்கிறது: ஒரு பக்கம் எனத்தைக் குறியீடாக்கும், மறுபக்கம் குறியீட்டை எனமாக்கும். பைத்தான் மொழியின் ஜாங்கோவில் 3.0 பதிப்பிலிருந்து ‘டெக்ஸ்ட் சாய்ஸஸ்’ உள்ளது. அதில் சேமிக்கும் மதிப்பு தனி, திரையில் காட்டும் சொல் தனி. காட்டும் சொல்லைத் தமிழில் எழுதுங்கள், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்துங்கள். சேமிக்கும் குறியீட்டை மட்டும் ஒருமுறை வைத்த பின் தொடாதீர்கள். ஒரு நிலை வழக்கொழிந்தாலும் அதன் குறியீட்டை வேறு பொருளுக்குத் தரக் கூடாது. தெரியாத குறியீடு வந்தால் கன்வெர்ட்டர் பிழை எழுப்ப வேண்டும். ‘வந்தது’ என்று வைத்துக்கொள்வோம் என முதல் மதிப்புக்குத் தாவும் நிரலை நான் எந்த மதிப்பாய்விலும் அனுமதிப்பதில்லை.

நிரல் மட்டும் காவல் காத்தால் போதாது, ஏனெனில் கைப்பட ஓடும் எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளை) அந்த வழியாக வருவதில்லை. எனவே பட்டியலில் இல்லாத குறியீட்டைத் தரவுத்தளமே மறுக்கும்படி, புலத்தில் ஒரு ‘செக்’ கட்டுப்பாடு வையுங்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் அதை வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்பதால், முதலில் பதிப்பைப் பாருங்கள். நிலைகளை அலுவலக ஊழியரே சேர்க்க வேண்டியிருந்தாலோ, ஒவ்வொரு நிலைக்கும் கட்டணம், நிறம் என்று கூடுதல் விவரம் இருந்தாலோ, தனி அட்டவணை வைத்து ஃபாரின் கீ (வேறு அட்டவணையின் பதிவைச் சுட்டும் புலம்) மூலம் இணைப்பதே பொருத்தம்.

தரவுத்தளத்தின் சொந்த எனம் வகையைப் பலர் கேட்பார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. நடுவில் ஒரு மதிப்பைச் சேர்த்தாலும் பழைய பதிவுகள் கெடாது, 10ஆம் பதிப்பு முதல் பெயரையும் மாற்றலாம். ஆனால் ஒரு மதிப்பை நீக்க வேண்டுமானால் புதிய வகையை உருவாக்கி மாற்றிக்கொள்வதுதான் வழி. மைஎஸ்க்யூஎல் எனத்தில் உள்ளே இருப்பது 1இலிருந்து தொடங்கும் எண். வரிசைப்படுத்தும்போது அகர வரிசை வராது, அந்த எண்ணின் வரிசையே வரும். அதில் ‘0’, ‘1’, ‘2’ போன்ற மதிப்புகளை வைக்கவே வேண்டாம்: மேற்கோள் குறி இல்லாமல் 2 என்று எழுதினால் அது இரண்டாவது மதிப்பாகிய ‘1’ஐக் குறிக்கும்.

புதிய நிலையைச் சேர்க்கும்போது வரிசைக்கிரமம் முக்கியம். முதலில் எல்லா சர்வர்களிலும் அதைப் படிக்கத் தெரிந்த நிரல் ஏற வேண்டும். பிறகு கட்டுப்பாட்டை விரிவாக்க வேண்டும். கடைசியில்தான் எழுதத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பழைய நிரல் ஓடும் சர்வர், புதிய குறியீட்டைக் கண்டு விழும்.

ஏற்கெனவே எண்களாகச் சேமித்திருப்பவர்கள், பழைய புலத்தைத் தொடாமல் பக்கத்தில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்து, இரண்டிலும் எழுதும் பதிப்பை முதலில் ஏற்றலாம். பிறகு ‘3 என்றால் இந்தக் குறியீடு’ என்று ஒவ்வோர் எண்ணையும் வெளிப்படையாக எழுதிய எஸ்க்யூஎல் மூலம், சிறு சிறு தொகுதிகளாகப் பழைய பதிவுகளை நிரப்புங்கள். எங்கள் யார்டில் இதுவே கடினமான பகுதி. அந்த இரவுக்கு முன் எழுதிய 3க்கு அவுட் ஆஃப் சார்ஜ் என்று பொருள்; அதற்குப் பின் எழுதிய 3க்குச் சோதனை என்று பொருள். கடைசியாக மாறிய நேரத்தை வைத்துப் பிரித்தோம். அந்த இடைவெளியில் வேறு புலத்துக்காகத் திருத்தப்பட்ட பதிவுகளை அந்த நேரமும் காட்டிக்கொடுக்காததால், அவற்றைக் கேட்டில் கையால் எழுதும் ரிஜிஸ்டரோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம்.

நிரப்பிய பின் நிலைவாரியாக எண்ணிக்கையை இரு புலங்களிலும் ஒப்பிட்டு, போஸ்ட்கிரெஸ் என்றால் கட்டுப்பாட்டை ‘நாட் வேலிட்’ (பழைய பதிவுகளை இப்போது சரிபார்க்க வேண்டாம்) என்று சேர்த்துப் பிறகு சரிபார்க்கச் சொல்லுங்கள். அட்டவணை நீண்ட நேரம் பூட்டப்படாது. பழைய புலத்தை நீக்குவதற்கு முன் கணக்குப் பிரிவில் ஒரு முறை கேளுங்கள். எங்கள் யார்டில் மாதாந்திர வாடகைக் கணக்கை எடுக்கும் எக்செல் கோப்பு ஒன்று, நிலை 4 என்ற நிபந்தனையோடு நேரடியாக அந்தப் புலத்தைப் படித்துக்கொண்டிருந்தது.