ஓனர் ஒருவர், வீடு எட்டு: வாடகைக்காரர்கள் சேர்ந்து பொதுப் பராமரிப்பைச் செய்ய வைப்பது எப்படி?

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். தரைத்தளத்தில் இரண்டு, மேலே மூன்று மாடிகளிலும் இரண்டிரண்டு. எல்லாமே வாடகை வீடுகள், ஓனர் ஒருவர்தான், அவரும் வேறு ஊரில். சென்னையில் இப்படிப்பட்ட கட்டடங்கள் எந்தத் தெருவிலும் இருக்கும். இங்கே அசோசியேஷன் கிடையாது, செயலாளர் கிடையாது, மாத மெயின்டனன்ஸ் என்று ஒரு கணக்கும் கிடையாது. மோட்டார் நின்றால்தான் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தையே பார்ப்போம்.

இரண்டாம் மாடிப் படிக்கட்டில் லைட் ஆறு மாதமாக எரியவில்லை. எல்லா வீட்டிலிருந்தும் ஓனருக்குப் போன் போனது. எல்லோருக்கும் "பார்க்கிறேன்" என்ற ஒரே பதில். ஒருநாள் இரவு மூன்றாம் மாடிப் பாட்டி, படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தார். இன்னும் ஒரு படி இருந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோ வரும்வரை எட்டு வீட்டுக்காரர்களும் செல்போன் வெளிச்சத்தில் அந்தப் படிக்கட்டில் நின்றோம். நாங்கள் ஒன்றாக நின்றது அதுதான் முதல் தடவை. உங்கள் கட்டடத்தில் யாரும் விழும்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: நோட்டும் போனும் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, கீழே சம்ப்பில் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) தொடங்கி மொட்டை மாடிவரை போங்கள். இன்னொரு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சம்ப் மூடி, மோட்டார் ஸ்டார்ட்டர், மீட்டர் போர்டு, படிக்கட்டு லைட், கைப்பிடி, ஓவர்ஹெட் டேங்க் மூடி, மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் துவாரம் என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தேதி போட்டு எழுதுங்கள்.

குனிந்து பாருங்கள், தொட்டுப் பாருங்கள். எங்கள் சம்ப் மூடி மேலிருந்து பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. தூக்கினால் அடிப்பக்கத் தகரம் துருப்பிடித்து அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. தண்ணீரில் டார்ச் அடித்தால் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்தத் தண்ணீரில்தான் எட்டு வீட்டுக் குழந்தைகளும் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

படி 2: எது யார் வேலை என்று பிரியுங்கள்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எல்லாவற்றையும் ஓனர் தலையில் கட்டினால் அவர் எதையும் செய்ய மாட்டார். எல்லாவற்றையும் நாமே செய்தால், செலவு என்றென்றைக்கும் நம் பொறுப்பாகிவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் வயரிங் ஆகியவை உரிமையாளர் வேலை. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது, காலி இடத்தைப் பராமரிப்பது ஆகியவை வாடகைதாரர் வேலை.

எங்கள் படிக்கட்டு லைட்டுக்கு இதை வைத்தே விடை கிடைத்தது. பல்ப் போயிருந்தால் அறுபது, எழுபது ரூபாயில் நாமே மாற்றிவிடலாம். ஆனால் எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தபோது மழைத்தண்ணீர் இறங்கி வயரே கருகியிருந்தது. அது ஓனர் வேலை.

மோட்டார், சம்ப் போன்ற பொது வசதிகளில் யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: ஒவ்வொரு கதவாகத் தட்டுங்கள்

வாட்ஸ்அப் குரூப் அப்புறம் ஆரம்பிக்கலாம். முதலில் நேரில் பேசுங்கள். குரூப்பில் போட்டால் நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். வாசலில் நின்று "அக்கா, உங்க வீட்டுல தண்ணி எப்ப நிக்குது?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்கள். குறையை முதலில் அவர்கள் சொல்லட்டும்.

பட்டியலில் இருபது பழுது இருந்தாலும் ஒன்றையே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டையும் தொடுகிற பழுதாக இருக்க வேண்டும், ஒரு வாரத்தில் முடிகிற வேலையாகவும் இருக்க வேண்டும். அது முடிந்தால் அடுத்ததற்கு ஆள் தானாக வரும்.

ஒருவர் தயங்கினால் கோபப்படாதீர்கள். எங்கள் தரைத்தளத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், ஓனர் காலி பண்ணச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. அது நியாயமான பயம். "கையெழுத்து வேண்டாம் அண்ணே, வேலை நடக்கிற அன்னைக்குக் கூட நின்னா போதும்" என்றோம். நின்றார். இரண்டாவது கடிதத்தில் அவர் கையெழுத்துத்தான் முதலில் இருந்தது.

படி 4: எட்டு போனுக்குப் பதில் ஒரு கடிதம்

போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. எழுதிக் கொடுங்கள். மிரட்டும் வார்த்தை எதுவும் வேண்டாம். எங்கள் கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் ஆறு மாதமாக விளக்கு எரியவில்லை. வயர் கருகியிருப்பதாக எலக்ட்ரீஷியன் கூறுகிறார். படங்கள் இணைத்துள்ளோம். இருளில் ஒருவர் விழுந்து எலும்பு முறிந்துள்ளது. இரண்டு எலக்ட்ரீஷியன்களிடம் பெற்ற செலவு மதிப்பீடுகளையும் இணைத்துள்ளோம். தாங்கள் ஒப்புதல் அளித்தால் வேலையை நாங்களே உடனிருந்து முடித்துத் தருகிறோம். வரும் 15ஆம் தேதிக்குள் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கீழே வீட்டு எண், பெயர், கையெழுத்து. ஒன்றை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். இதில் முக்கியமான வரி "நாங்களே உடனிருந்து முடித்துத் தருகிறோம்" என்பதுதான். வெளியூரில் இருக்கும் ஓனருக்குப் பணத்தைவிட அலைச்சல்தான் பெரிய பிரச்சினை. எங்களுக்கு நான்காம் நாளே சம்மதம் வந்தது.

படி 5: பணம்

ஓனர் தரும் பணத்தையும் நாம் போடும் பணத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நம் பங்குக்கு வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் போதும். பணம் ஒருவரிடமும் கணக்கு இன்னொருவரிடமும் இருக்கட்டும். வரவும் செலவும் அன்றன்றே பில் படத்தோடு குரூப்பில் வர வேண்டும். 20 ரூபாய் டீச் செலவானாலும் எழுதுங்கள். இப்படிப்பட்ட முயற்சிகள் உடைவது பெரும்பாலும் சின்னத் தொகையில் வரும் சந்தேகத்தால்தான்.

படி 6: வேலை நடக்கும் நாள்

கூட ஒருவர் கண்டிப்பாக நிற்க வேண்டும். சம்ப் கழுவுவதாக இருந்தால் முந்தின நாளே எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லிவிடுங்கள். மோட்டாரின் மெயினை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். உள்ளே ஆள் இருக்கும்வரை மேலே ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்கட்டும்.

செப்டிக் டேங்க் என்றால் நிலைமையே வேறு. அதற்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள். "பழக்கமான ஆள்தான் சார், அரை மணி நேர வேலை" என்று யார் சொன்னாலும் சரி. விஷவாயு தாக்கினால் கத்தக்கூட நேரம் இருக்காது. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

சில பழுதுகள் ஓனருடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல. சென்னையில் தெருவிளக்கு, குப்பைக்கு மாநகராட்சியின் 1913. தெருக் கழிவுநீர்க் குழாய் அடைப்புக்குக் குடிநீர் வாரியத்தின் 1916. மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. புகார் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஓனர் அசையவே இல்லை என்றால்

தேதி போட்டு இன்னொரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், உரிமையாளர் மறுக்கும் பழுதை வாடகைதாரரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள அந்த 2017 சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாய்ப்பேச்சை நம்பி அதில் இறங்காதீர்கள். கடிதம், மதிப்பீடு, பில் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஒரு வக்கீலையோ இலவச சட்ட உதவி மையத்தையோ கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிப்ட் போன்றவற்றை அத்தியாவசிய வசதிகள் என்று சட்டம் வரையறுக்கிறது. அவற்றை உரிமையாளர் நிறுத்தி வைக்கக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அந்தப் பொறுப்பில் இருப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. அங்கே போகும் முன் உங்கள் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழி வாடகையில் இருப்பவர்களின் நிலை பலவீனமானது.

படி 8: நோட்டை ஒப்படையுங்கள்

வாடகைக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். காலி செய்பவர் நோட்டைத் தன்னோடு எடுத்துப் போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்கள், மோட்டாரின் குதிரைத்திறன், கடைசியாகக் காயில் கட்டிய தேதி, சம்ப் கழுவிய தேதி, காமன் மீட்டரின் இணைப்பு எண், மெயின் வால்வு எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது எல்லாம் இருக்கின்றன. போன மாதம் முதல் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. பால் காய்ச்சிய அன்று சாயங்காலமே மூன்றாம் மாடிப் பாட்டி, சரியான மணிக்கட்டோடு மெதுவாகப் படியிறங்கி வந்து, அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார்.