ஆங்கிலச் சொல்வளம்: பட்டியலை விடுங்கள், வாக்கிய அட்டை போடுங்கள்

ஆங்கில நாளிதழ் படித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் மட்டும் அதே பழைய சொற்கள்தான் வருகின்றன என்பவர்களுக்கு இது.

1. கருவி. கணினியில் ஆங்கி (Anki) மென்பொருளை நிறுவுங்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று நீங்கள் போடும் அட்டைகளை, மறக்காதபடி இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் காட்டும் மென்பொருள் இது. கணினிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசம். ஐபோன் செயலிக்குக் காசு. அகராதிக்கு லாங்மன் கற்போர் பதிப்பையே சொல்வேன். சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் தருவதால், ஒரு சொல்லைத் தேடப்போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

2. எந்தச் சொல்? படிக்கும்போது இரண்டாவது முறை கண்ணில் பட்டதை மட்டும் எடுங்கள். கல்லூரி, ஐஇஎல்டிஎஸ் என்று போகிறவர்களுக்கு ஆய்வாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட் (கல்வி நூல்களில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல்) உதவும். 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள் ஒரு குடும்பம்), 10 பகுதிகள்; அடிக்கடி வருபவை முதல் பகுதியில்.

3. அட்டை. பலரும் சறுக்குவது இங்கேதான். முன்பக்கம் 'மிட்டிகேட்', பின்பக்கம் 'குறைத்தல்' என்று எழுதாதீர்கள். ரெட்யூஸ், டிமினிஷ், அலீவியேட் எல்லாவற்றுக்கும் தமிழில் அதே 'குறைத்தல்'தான் வந்து நிற்கும். அப்புறம் விலையைப் போய் 'அலீவியேட்' செய்வீர்கள். விலைக்கு ரெட்யூஸ், வலிக்கு அலீவியேட், அபாயத்துக்கு மிட்டிகேட். இந்தச் சேர்க்கைதான் மனதில் பதிய வேண்டும்.

ஆகவே ஆங்கியில் க்ளோஸ் (கோடிட்ட இடத்தை நிரப்பும்) வகை அட்டையைத் தேர்ந்தெடுத்து, அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியத்தை முழுதாக ஒட்டுங்கள். 'மிட்டிகேட்' சொல்லைத் தெரிவு செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சொல்லைச் சுற்றி அடைப்புக்குறிகள் வந்துவிடும்; அட்டையில் அந்த இடம் மறைந்து தெரியும். பிறகு 'ரிஸ்க்' சொல்லுக்கும் அதேபோல். ஒரே வாக்கியத்தில் இரண்டு அட்டைகள் கிடைத்துவிடும்.

கோடிட்ட இடத்தில் வேறு சொல்லும் பொருந்துகிறதா? அடைப்புக்குறிக்குள், விடைச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு முக்காற்புள்ளி (::) வைத்து, அதன் முதலெழுத்தைக் குறிப்பாகக் கொடுங்கள். படிக்கும்போது அடைப்புக்குறிகள் அப்படியே திரையில் தெரிந்தால், பேசிக் (சாதாரண முன்பக்கம்-பின்பக்க) வகையில் சேர்த்திருக்கிறீர்கள். வகையை மாற்றினால் சரியாகிவிடும்.

4. அளவு. நாளுக்கு 20 புதிய அட்டை என்றுதான் ஆங்கியில் இருக்கும். அதை 6 ஆக்குங்கள். 20-ஐ அப்படியே விட்டால் சில வாரங்களில் மறுபார்வை மலையாகக் குவிந்து, முழுவதையும் கைவிடத் தோன்றும்.

பின்சேர்க்கை: சில அட்டைகள் திடீரென்று காணாமல் போவதாகப் பலர் சொல்கிறார்கள். 8 முறை மறந்த அட்டையை ஆங்கி 'லீச்' (அட்டை; நேரத்தை உறிஞ்சும் சொல்) என்று குறிக்கும்; அமைப்பைப் பொறுத்து அதை நிறுத்தியும் வைக்கும். அதை அப்படியே மீட்டால் திரும்பவும் மறக்கும். வாக்கியத்தை மாற்றுங்கள்: உங்கள் வேலையைப் பற்றி, அந்தச் சொல்லை வைத்து நீங்களே ஒன்று எழுதி, அகராதியில் சேர்க்கை சரிதானா என்று பார்த்தபின் போடுங்கள்.