கிலுகிலுப்பைப் பாம்பை அடையாளம் காண்பது எப்படி? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களுக்குக் குடிவந்து, வார இறுதிகளில் மலைப்பாதைகளில் நடக்கத் தொடங்கும் எவரும் என்றாவது ஒரு நாள் கிலுகிலுப்பைப் பாம்பை (ராட்டில்ஸ்நேக்) பார்ப்பார்கள். வீடு திரும்பியதும் இணையத்தில் தேடுவார்கள். பழுப்பு உடலும் முதுகில் சாய்சதுரக் கட்டங்களும் கொண்ட ஒரு படம் முதலில் வந்து நிற்கும். அவர்கள் பார்த்த பாம்போ வெளிறிய ஆரஞ்சு நிறத்தில், கட்டம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் இருந்திருக்கும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஒரே இனப் பாம்பு செம்மண் பூமியில் சிவந்தும், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைவெளியில் கறுத்தும் இருக்கிறது. இன்னொரு பக்கம், வெவ்வேறு இனங்கள் ஒரே பள்ளத்தாக்கில் பார்த்தால் பிரித்தறிய முடியாதபடி ஒத்துப்போகின்றன. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் இடம், பிறகு வால், பிறகு முகம், கடைசியில்தான் நிறம்.

கிலுகிலுப்பைப் பாம்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளவை. கனடாவின் தென்பகுதியிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மூங்கில் குழிவிரியனும் மலபார் குழிவிரியனும் இவற்றுக்கு உறவு. அமெரிக்க மாநிலங்களில் அதிக இனங்கள் உள்ளது அரிசோனா: 13 இனங்கள். எனவே எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அங்கிருந்தே தருகிறேன்.

தொடங்கும் முன்: தூரம்

பாம்புக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது 6 அடி இருக்கட்டும். 10 அடி என்றால் இன்னும் நல்லது. பாம்பு பொதுவாகத் தன் உடல் நீளத்தில் பாதி தூரம் வரை பாய்ந்து கடிக்கும். இந்தக் கட்டுரையில் சொல்லும் அடையாளங்கள் அனைத்தையும் பைனாகுலரிலோ, கைபேசியில் பெரிதாக்கிய படத்திலோ பார்த்துக்கொள்ளலாம். தலை சரியாகத் தெரியவில்லை என்று கழியால் புரட்டாதீர்கள். செத்த பாம்பின் தலையைக்கூடத் தொடக்கூடாது. உயிர் போன பின்னும் சிறிது நேரம் அந்தத் தாடைகள் அனிச்சையாகக் கடிக்கும், நஞ்சும் இறங்கும்.

படி 1: இது கிலுகிலுப்பைப் பாம்புதானா?

வால் நுனியைப் பாருங்கள். கூர்மையில்லாமல் மழுங்கி முடிந்து, அதில் வளையம் வளையமாகக் கோத்த கெராட்டின் (நம் நகத்தில் உள்ள பொருள்) துண்டுகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஊசிபோலக் கூர்ந்து முடிந்தால் அது வேறு பாம்பு. அரிசோனாவில் இப்படி ஏமாற்றுவது பெரும்பாலும் கோஃபர் பாம்பு. நஞ்சு இல்லாத பாம்பு அது. மிரண்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும், உரக்கச் சீறும், காய்ந்த இலைக்குள் வாலை அதிரவிட்டு அதே போன்ற சத்தத்தை எழுப்பும். இந்த நடிப்பினாலேயே ஆண்டுதோறும் அடிபட்டுச் சாகிறது. எலிகளைத் தின்று தீர்க்கும் பாம்பை இப்படி இழப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ஒலியை நம்பாதீர்கள். பல பாம்புகள் அசையாமல், சத்தமே எழுப்பாமல் மனிதர் கடந்து போகும்வரை காத்திருக்கும். பிறந்த குட்டிக்கு வால் நுனியில் ஒரே ஒரு மொட்டுத்தான். சட்டை உரித்து அடுத்த வளையம் வந்தால்தான் அது ஒலிக்கும். வளர்ந்த பாம்புக்குக் கிலுகிலுப்பை ஒடிந்தும் போயிருக்கலாம். கலிஃபோர்னியா வளைகுடாவில் உள்ள சாந்தா கத்தலீனா தீவில் ஒலியெழுப்பும் கிலுகிலுப்பையே இல்லாத ஓர் இனம் வாழ்கிறது. வளையங்களை எண்ணி வயதைச் சொல்வதும் தவறு. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் சட்டை உரிப்பது உண்டு, பழைய வளையங்கள் உதிர்வதும் உண்டு.

வால் மறைந்திருந்தால் முகத்தில் குழி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இன்னொரு துளை தெரியும். இரையின் உடல் வெப்பத்தை உணரும் உறுப்பு அது. கோஃபர் பாம்புக்கு இது கிடையாது. "கண்மணி செங்குத்தாக இருந்தால் நஞ்சுள்ளது" என்ற பழைய விதியை மறந்துவிடுங்கள். இருட்டில் கிலுகிலுப்பைப் பாம்பின் கண்மணி அகன்று வட்டமாகிவிடும். அரிசோனாவின் பவளப் பாம்புக்கு வட்டக் கண்மணிதான், ஆனால் அதற்கும் நஞ்சு உண்டு.

படி 2: நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் படி இதுதான். பாம்பைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த இடத்தில் எந்த இனங்கள் இருக்கக்கூடும் என்று எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மிச்சிகனில் நீங்கள் பார்க்கும் கிலுகிலுப்பைப் பாம்பு மசசாகாவாகத்தான் இருக்கும். அந்த மாநிலத்தில் நஞ்சுள்ள பாம்பே அது ஒன்றுதான். பென்சில்வேனியாவில் டிம்பர், மசசாகா என இரண்டு. அரிசோனாவில்தான் சிக்கல். அங்கே மாநிலத்தின் பெயரை வைத்துப் பயனில்லை, உயரத்தையும் தரையையும் கேட்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் நகரையொட்டிய தாழ்நிலத்தில் மேற்கத்திய டயமண்ட்பேக் மிகச் சாதாரணம். புதரும் மணலும் கலந்த சமவெளி என்றால் மொஹாவி பாம்பையும் பட்டியலில் சேருங்கள். செங்குத்தான பாறைச் சரிவு என்றால் மொஹாவிக்கு வாய்ப்புக் குறைவு. ஸ்பெக்கிள்ட், டைகர், பிளாக்டெயில் ஆகிய இனங்கள் முன்னுக்கு வரும். தளர்ந்த மணல் மேடு என்றால் சைட்வைண்டர். கண்ணுக்கு மேல் கொம்புபோல் எழும் செதிலும், மணலில் அது விட்டுப்போகும் சாய்ந்த, துண்டு துண்டான தடங்களும் போதும், வேறு அடையாளமே தேவையில்லை. சுமார் 7,000 அடி உயரத்தில், பைன் காடு சூழ்ந்த ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் டயமண்ட்பேக்கைத் தேடாதீர்கள். அரிசோனாவின் நடுவே நீளும் செங்குத்துச் சரிவான மொகொல்லான் விளிம்பு வட்டாரத்தின் மலைக்காடுகளில் கறுத்த பாம்பு தென்பட்டால் அரிசோனா பிளாக் என்ற இனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யனுக்குள் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட, புள்ளிகள் மங்கிய பாம்பைக் கண்டால் அது அந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய வகை.

ஓர் எச்சரிக்கை: பரவல் வரைபடத்தில் வண்ணம் பூசிய பகுதி முழுவதும் அந்தப் பாம்பு இருக்கிறது என்று பொருளல்ல. ஒரே மாவட்டத்தில் மலை உச்சியும் உப்புச் சமவெளியும் இருக்கும். வரைபடம் இரண்டுக்கும் ஒரே வண்ணத்தைப் பூசியிருக்கும்.

படி 3: வால்

பாம்பின் உடலில் இடத்துக்கு இடம் அதிகம் மாறாத பகுதி வால். கிழக்கு அமெரிக்காவின் டிம்பர் பாம்பைப் பாருங்கள். வடக்கே ஒரே மலையில் மஞ்சள் நிறத்திலும் கருநிறத்திலும் இருக்கும். தெற்கே போனால் இளஞ்சிவப்புச் சாயல், முதுகின் நடுவே துருப்பிடித்த நிறத்தில் ஒரு கோடு. இந்தத் தென்பகுதிப் பாம்புகளைத் தனித் துணையினமாகவே ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் வால் மட்டும் வெல்வெட் துணிபோன்ற கருமை.

அரிசோனாவில் பிளாக்டெயிலின் வால் கறுப்பு. மஞ்சள், ஆலிவ் பச்சை, பழுப்பு என்று உடல் எப்படி இருந்தாலும் வளர்ந்த பாம்பின் வால் அப்படியேதான். குட்டிகளுக்கு மட்டும் லேசான வளையங்கள் தெரியலாம். டயமண்ட்பேக்குக்கும் மொஹாவிக்கும் வாலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். டயமண்ட்பேக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். மொஹாவியில் வெள்ளை அகலம், கறுப்பு குறுகல். ஸ்பெக்கிள்டுக்கும் வாலில் வளையங்கள் உண்டு என்பதால் வாலோடு நிறுத்திவிடாமல் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 4: முகம்

டயமண்ட்பேக்கா மொஹாவியா என்பதுதான் தென்மேற்கில் அடிக்கடி எழும் கேள்வி. இதில் கொஞ்சம் பொறுமையாக நிற்போம்.

கைபேசியில் எடுத்த படத்தில் தலையின் பக்கவாட்டைப் பெரிதாக்குங்கள். கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிறிய கோடு சாய்ந்து இறங்கும். அதை விடாமல் பின்தொடருங்கள். டயமண்ட்பேக்கில் அந்தக் கோடு நேராக இறங்கி, கடைவாயை எட்டுவதற்கு முன்பே மேலுதட்டைத் தொட்டுவிடும். மொஹாவியில் அது உதட்டைத் தொடாமல், கடைவாய்க்கு மேலாகவே கடந்து கழுத்தை நோக்கிப் போகும்.

இப்போது தலையின் மேற்புறம். இரண்டு கண்களுக்கு மேலும் புருவம்போல ஒவ்வொரு பெரிய செதில் இருக்கும். அவற்றுக்கு நடுவே என்ன இருக்கிறது? மொஹாவியில் பெரிதாக இரண்டு மூன்று செதில்கள். டயமண்ட்பேக்கில் மணல்போல் பொடிச் செதில்கள் பல. அடுத்து, கிலுகிலுப்பை வாலோடு சேரும் முதல் வளையம். மொஹாவியில் அதன் கீழ்ப்பாதி பெரும்பாலும் வெளிறிய மஞ்சளாக இருக்கும், டயமண்ட்பேக்கில் முழுவதும் கருமை. முதுகுக் கட்டங்களும் உதவும். மொஹாவியில் அவை ஓரம் பிசிறில்லாமல் தெளிவாக இருக்கும். டயமண்ட்பேக்கின் உடல் முழுக்க நுண்ணிய கரும்புள்ளிகள் தூவியிருப்பதால் தூசி படிந்ததுபோல் தெரியும்.

இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று ஒத்துப்போனால் சொல்லுங்கள். இனங்கள் கலந்து பிறந்த பாம்புகளும் உண்டு. அவற்றில் அடையாளங்கள் ஒன்றோடொன்று முரண்படும்.

படி 5: இப்போது நிறம்

"மொஹாவி பச்சை" என்ற பெயர் பாலைவனத்தில் வாழ்பவர்கள் வாயில் புழங்குவது. இது செய்த தீங்கு கொஞ்சமில்லை. மொஹாவிகளில் பல பழுப்பு, சில மணல் நிறம். பச்சைச் சாயல் கொண்ட பிளாக்டெயில் உண்டு, பிரெய்ரி பாம்பு உண்டு. பச்சையாக இல்லை என்பதால் மொஹாவி இல்லை என்று நெருங்குவது ஆபத்து.

ஸ்பெக்கிள்ட் பாம்பு தான் வாழும் பாறையின் நிறத்தை ஏற்றிருக்கும். சாம்பல் கருங்கல் மலையில் வெளிறிய சாம்பல், செம்பாறையில் ஆரஞ்சு. நியூ மெக்சிகோவின் பெத்ரோ அர்மெண்டாரிஸ் எரிமலைப் பாறைவெளியில் டயமண்ட்பேக்கும் பிளாக்டெயிலும் கறுத்துக் கிடக்கின்றன. பருந்தின் கண்ணில் பாறையோடு பாறையாகத் தெரிந்த பாம்புகளே தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்தன. அரிசோனா பிளாக் இன்னும் சிக்கல்: குட்டி வெளிறிய நிறத்தில் தெளிவான வடிவங்களோடு பிறக்கும், வளர்ந்தபின் கறுக்கும், அந்தக் கருமையையும் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சட்டை உரிக்கப் போகும் நாட்களில் எந்த இனமும் மங்கி, கண்கள் பால்நிறமாகிக் கிடக்கும்.

எனவே நிறத்தை இப்படிப் பயன்படுத்துங்கள்: இடமும் வாலும் முகமும் சொன்ன பெயரோடு நிறம் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வட்டாரத்திலேயே எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள்.

கடித்துவிட்டால்

பெயர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வெளித்தோற்றத்தைப் போலவே நஞ்சும் இடத்துக்கு இடம் மாறும். மொஹாவியில் பெரும்பாலானவற்றுக்கு நரம்பைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடைப்பட்ட வட்டாரத்து மொஹாவிகளில் அந்த நஞ்சு இல்லை, ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நம் ஊரில் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மாற்று மருந்து கொடுப்பதுபோல, அமெரிக்க மருத்துவமனைகளில் தரப்படும் குரோஃபேப், அனாவிப் ஆகியவை எந்தக் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தாலும் பயன்படும். பாம்பைப் பிடித்துக்கொண்டோ அடித்துக்கொண்டோ போக வேண்டியதில்லை. 911-ஐ அழையுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேர் வரை நஞ்சுள்ள பாம்பிடம் கடிபடுகிறார்கள். இறப்பவர்கள் சுமார் 5 பேர். இறப்பு இவ்வளவு குறைவாக இருப்பதற்கு விரைவில் மருத்துவமனை சேர்வதே முதன்மைக் காரணம்.

படி 6: பதிவும் பயிற்சியும்

பார்த்த பாம்பை, உயிரினங்களின் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவிடுங்கள். தலையின் பக்கவாட்டு, வால், முழு உடல் என்று தூரத்திலிருந்தே பெரிதாக்கி எடுத்த மூன்று படங்கள் போதும். உயரத்தையும், தரை பாறையா மணலா என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். இனம் உறுதியாகவில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். "குரோட்டாலஸ்" என்று மட்டும் போட்ட பதிவும் மதிப்புள்ள பதிவுதான்.

அரிசோனாவின் தென்கிழக்கு மலைகளில் வாழும் ரிட்ஜ்நோஸ்ட் பாம்பைக் கண்டால் இடத்தை மறைத்துப் பதிவிடுங்கள். 1986 முதல் அது மாநிலத்தின் அடையாள ஊர்வன, சட்டப் பாதுகாப்பும் உண்டு. அப்படியிருந்தும் திருடிப் போக ஆட்கள் வருகிறார்கள்.

பயிற்சிக்கு அதே செயலியில் உங்கள் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உறுதிசெய்யப்பட்ட படங்களைத் திறந்து, பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். முதலில் டயமண்ட்பேக்கை மட்டும் பாருங்கள். எத்தனை நிறங்களில் வருகிறது என்று கவனியுங்கள். அத்தனை படங்களிலும் கண்ணுக்குப் பின்னாலுள்ள அந்தக் கோடு எங்கே உதட்டைத் தொடுகிறது என்பது கண்ணில் பதிந்த பிறகு மொஹாவிக்குப் போங்கள்.