பொங்கல் கணக்கெடுப்பில் அபூர்வப் பறவையைக் கண்டுபிடிப்பது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு

பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள், ஏரிக்கரையில் கால் வைத்ததுமே அபூர்வமானதைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அது தனியாக வந்து நிற்பது குறைவு. முந்நூறு நாமக்கோழிக்கு நடுவே, அதே நிறத்தில், தலையைச் சிறகில் செருகித் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே முந்நூறையும் எண்ண வேண்டும். 'நிறைய' என்று எழுதிவிட்டு நகர்கிறவருக்கு அது கிடைக்காது.

கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஒரு சுற்று போய், எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டில் சின்ன ஏரிகள் வற்றி, பறவைகள் கே.ஆர்.பி. அணை, பாரூர் ஏரி, கெலவரப்பள்ளி, வாணியாறு, தொப்பையாறு என்று எஞ்சிய தண்ணீரில் குவியும். விவசாயிக்குக் கஷ்ட காலம். கணக்கெடுப்பவருக்கு வேலை சுலபம். நன்றாக மழை பெய்த ஆண்டில் அணையின் விளிம்பெல்லாம் மூழ்கிச் சேறே இருக்காது, சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் இறங்காது. அப்போது மதகுப் பக்கத்தை விட்டுவிட்டு, ஓடை வந்து சேரும் மேட்டுப் பக்கத்துக்குப் போங்கள். கணுக்கால் அளவு தண்ணீர் அங்கேதான் இருக்கும்.

ஜனவரியில் சூரியன் 6.40 மணி வாக்கில் எழும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனிமூட்டம் 8 மணி வரைகூட நிற்கும். அந்த நேரத்தைக் கரையோரப் புதர்களில் காதால் கேட்கச் செலவிடுங்கள். மூட்டம் கலைந்ததும் காலையில் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் நில்லுங்கள். வெயில் முதுகில் படாவிட்டால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை எண்ணுங்கள். பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவை நகர்த்திக்கொண்டே போனால் போதும். பிறகு வலமிருந்து இடமாக, எண்ணாமல், 'இது என்ன இனம்' என்று மட்டும் கேட்டுக்கொண்டே பாருங்கள். அபூர்வம் அகப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சுற்றில்தான்.

ஏமாற்றுகிற விஷயங்கள் சில. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. டெமிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. ஆனால் சேற்றில் நடந்த காலில் சேற்றின் நிறம்தான் தெரியும். பறவை தண்ணீரில் இறங்கிக் கால் கழுவும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் பறக்கும்போது வாலைப் பாருங்கள்: டெமிங்க் என்றால் ஓரம் பளிச்சென்று வெள்ளை. நீலச்சிறகி வாத்தின் ஆண் குளிர்காலத்தில் வெகுநாள் பெட்டையின் நிறத்திலேயே இருக்கும். ஆண் ஒன்றுகூட இல்லையே என்று குழம்ப வேண்டாம். ஊர் ஏரியில் வெள்ளைத் திட்டோடு மிதக்கும் 'காட்டு வாத்து' பக்கத்து வீட்டு வளர்ப்பு வாத்தாக இருக்கும். கரையில் யாரிடமாவது கேட்டுவிடுவது நல்லது.

தண்ணீரோடு நின்றுவிடாதீர்கள். மாமரம் பூக்கும் பருவம் இது. பூவுக்கு வரும் பூச்சியைத் தேடி ஈபிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் தோப்புக்குள் வரும். மருந்து அடித்த தோப்பில் ஒன்றும் கிடைக்காது, அடிக்காததைத் தேடுங்கள். செம்மார்பு ஈபிடிப்பான் கண்ணில் பட்டால் அலகின் அடிப்பகுதியைப் பாருங்கள். கீழலகு வெளிறியிருந்தால் செம்மார்பு. அலகு முழுக்கக் கறுத்து, வாலுக்கு மேலுள்ள இறகுகளும் கரிக்கறுப்பாக இருந்தால் டைகா ஈபிடிப்பானாக இருக்கலாம், படம் எடுங்கள். ராகி அறுத்த தரிசில் பூனைப்பருந்து தாழப் பறக்கும், நெட்டைக்காலிகளும் வானம்பாடிகளும் தரையோடு தரையாக இருக்கும்.

போக வேண்டியது போகாமல் தங்கிவிடுவதும் உண்டு. அமூர் வல்லூறு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் நம் நாட்டைக் கடப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் மின்கம்பியில் சின்ன வல்லூறு ஒன்று உட்கார்ந்திருந்தால் காலைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் வழக்கமான சிவப்பு வல்லூறு, செம்மஞ்சள் என்றால் கேமராவை எடுங்கள். தங்கிப்போன பறவை இளசாகவோ அடிபட்டதாகவோ இருக்கலாம். இரை கிடைக்கும் இடத்தைவிட்டு அது சுலபத்தில் நகராது. மறுநாள் அதே நேரம் அதே கம்பத்துக்குப் போனால் திரும்பப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

பாறைக் குன்றுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. வலசை வருவதல்ல, தக்காணத்துப் பாறைக்காடுகளுக்கே உரியது, எண்ணிக்கையில் குறைவு. வெண்புருவச் சின்னானோடு குழப்பிக்கொள்வார்கள். இதற்குத் தலையும் தொண்டையும் நல்ல மஞ்சள். போனில் பதிவு செய்த பறவைக் குரலைப் போட்டு அதை அழைக்காதீர்கள்.

குளிர்காலத்தில் யானைகள் ராகிக்காக ஓசூர், தேன்கனிக்கோட்டை வயல்களுக்கு இறங்கும். காட்டோர வயலுக்கு விடியுமுன் போக வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு, ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள். காவிரி வடக்கு சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை.

பார்த்ததை அங்கேயே எழுதுங்கள், புத்தகத்தைத் திறப்பதற்கு முன். பக்கத்தில் நின்ற பறவையோடு ஒப்பிட்ட அளவு, அலகு, கால், குரல், நேரம், இடம். புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் கண் பார்க்காததும் குறிப்பில் நுழைந்துவிடும். படம் மங்கலாக இருந்தாலும் பட்டியலோடு சேருங்கள். நீங்கள் அனுப்பும் பட்டியலைச் சரிபார்ப்பவர் கேள்வி கேட்டால் கோபப்பட வேண்டாம். 'இதுவல்ல என்று எதையெல்லாம் கழித்தேன்' என்று இரண்டு வரி எழுதிவிட்டால் பாதிக் கேள்வி வராது.